மாலை கழற்றிய பிறகு

கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் குடி நின்றுவிடும். மருந்து கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. ஐப்பசி கடைசி ராத்திரி வரை தள்ளாடி வந்தவர் மறுநாள் விடியும் முன்னே பச்சைத் தண்ணீரில் குளித்து, சபரிமலைக்குத் துளசிமணி மாலை போட்டு, கறுப்பு வேட்டியில் நிற்பார். பெண்டாட்டி 'சாமி' என்பாள். பெற்ற பிள்ளை 'சாமி' என்னும். நேற்றுவரை கூட உட்கார்ந்து குடித்தவன் எட்ட நின்று கும்பிடுவான். ராஜபாளையத்துப் பக்கம் செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர், சேத்தூர் என்று எந்த ஊரில் பார்த்தாலும் இதே கதைதான். மலைக்கு மாலை போடாதவர்களுக்கு அம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் நாட்கள் இருக்கின்றன. கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலம், முஸ்லிம் வீடுகளில் நோன்பு மாதம்.

குடியிலிருந்து மீள நினைப்பவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவது என் தொழில். கல்லூரியில் படித்த பாடம் வேறு. இந்தத் தொழிலின் அரிச்சுவடியை எனக்குச் சொல்லித் தந்தவை இந்த விரதங்கள்தான். அதைவிட அதிகமாகச் சொல்லித் தந்தது மாலை கழற்றிய மறுநாள். சிலருக்கு மறுநாள் வரைகூடப் பொறுக்காது. திரும்பி வரும் வேன் செங்கோட்டையைத் தாண்டியதுமே மாலை கழன்றுவிடும்.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தாமாக வருவதில்லை, அழைத்து வரப்படுகிறார்கள். அம்மா, மதினி, மச்சினன் என்று ஒரு கூட்டம் முன்னால் வரும். "யக்கா, நல்லா உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். உறைக்கிற வார்த்தைக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. மாமனார் சொல்லியாகிவிட்டது, மில் சூப்பர்வைசர் சொல்லியாகிவிட்டது, வட்டிக்குக் கொடுத்தவர் நடுத்தெருவில் வைத்துச் சொல்லியாகிவிட்டது. நானும் நான்காவது ஆளாகச் சொன்னால் அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போவார். போகிற வழியில்தான் கடை.

எவ்வளவு குடிப்பீர்கள் என்றும் நான் ஆரம்பிப்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்குக் கை தேர்ந்திருக்கும். "ஒரு கட்டிங்தான்க்கா, அதுவும் உடம்பு வலிக்கு." கடைசியாக எப்போது குடிக்காமல் இருந்தீர்கள், எத்தனை நாள், அந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்பேன். இதை யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். குனிந்திருந்த தலை கொஞ்சம் நிமிரும். "போன வருசம் மாலை போட்டேன்லா, நாப்பத்தெட்டு நாள் தொடலை."

அந்த நாப்பத்தெட்டு நாளை இரண்டு பேருமாகப் பிரித்துப் பிரித்துப் பார்ப்போம். குடிக்கத் தோன்றும் அந்தி நேரத்தில் பஜனை இருந்தது. சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் கால் தானாகத் திரும்பும் பாதை மாறி, கோயில் பாதையானது. மனசு கலங்கினால் போய் நிற்கக் குருசாமி இருந்தார். விடிகாலையில் எழ வேண்டும் என்பதால் ராத்திரி ஒன்பதுக்கே பாயில் விழுந்தார். வீட்டில் தனிப் பாத்திரம், தனி மரியாதை. எல்லாவற்றையும்விடப் பெரியது, 'வாடா மாப்பிள்ளை' என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பாவம் கூப்பிட்டவனுக்கு. கட்டடத்தில் சென்ட்ரிங் போட்டு முட்டுக் கொடுப்பதைப் போல இத்தனை முட்டு. மாலை கழன்ற அன்று அத்தனையும் ஒரே நேரத்தில் பிரிகிறது. ஈரம் காயாத கான்கிரீட் என்ன ஆகும் என்று கொத்தனார் வேலைக்குப் போகிறவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"எல்லாம் சாமி மேல உள்ள பயம்க்கா" என்பார். நான் மறுப்பதில்லை. ஆனால் ஒன்று கேட்பேன்: "சாமி வந்து உங்க காலைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாரா, நீங்களா நடந்தீங்களா?" பலரும் இதற்குச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் வேலை ஆரம்பமாகும்.

இப்படிக் கேட்பதற்கு ஒரு வரலாறு உண்டு. குடிப்பவன் எதையும் மறுப்பவன், அவனை மோதித்தான் உடைக்க வேண்டும் என்று அமெரிக்காவிலும் நீண்ட காலம் நினைத்தார்கள். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-இல் எழுதிய கட்டுரையிலும், பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991-இல் கொண்டுவந்த புத்தகத்திலும் இதற்கு எதிர்த்திசையைக் காட்டினார். ஆலோசகர் வாதாட வாதாட எதிரே இருப்பவர் குடியின் பக்கமே வக்கீலாக நிற்பார்; நிறுத்துவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும் என்பது அவர் கண்டது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் குருசாமிகள்தான் நினைவுக்கு வந்தார்கள். நல்ல குருசாமி யாரையும் மாலை போடச் சொல்லி வற்புறுத்தமாட்டார். "உனக்குத் தோணும்போது வா" என்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். காலையில் எழுந்ததும் கை உதறி, ஒரு வாய் ஊற்றினால்தான் உதறல் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர் திடீரென்று மாலை போடுவது ஆபத்து. கடைசிக் குடிக்குப் பின் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது, செத்துப்போன அப்பா வாசலில் நிற்கிறார் என்பார்கள். மாலை போட்டவருக்கு இது வந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? அருள் வந்திருக்கிறது என்று சூடம் காட்டுவார்கள். இல்லையென்றால் சாமிக் குத்தம் என்று பரிகாரம் தேடுவார்கள். அது மூளை குடியில்லாமல் படும் பாடு. கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். மருத்துவமனையில் குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள், தயமின் ஊசி போடுவார்கள். ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தினமும் காலையிலேயே குடிப்பவரென்றால் முதலில் டாக்டர், பிறகு மாலை என்று நான் பார்க்கும் குருசாமிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். யாரும் கோபிக்கவில்லை. அவர்கள் பஜனைப் பந்தலில் வலிப்பைப் பார்த்திருக்கிறார்கள்.

'ஒரு குவார்ட்டர்தானே' என்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. 180 மில்லி பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடையில் பார்த்தால் ஏறத்தாழ 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிதமிஞ்சிய குடி என்கிறது. எங்கள் ஊரில் அளவாகக் குடிப்பவர் என்று பெயரெடுத்தவரின் தினப்படி அளவு அது. சில்லறை விற்பனையை 2003 நவம்பரில் டாஸ்மாக் கையில் எடுத்ததிலிருந்து இந்தப் பாட்டில்தான் எங்கள் ஆண்களுக்கு அளவுகோல். குறைவு, அதிகம் என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாற்பத்தொன்பதாம் நாளுக்கு வருவோம். என் முறை என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்தால், அது பிரிந்த முட்டுகளை மாலை இல்லாமல் ஒவ்வொன்றாகத் திரும்ப நிறுத்துவதுதான். பஜனை இருந்த ஆறரை முதல் ஒன்பது வரையிலான நேரத்தில் என்ன செய்யப்போகிறீர்கள்? 'வீட்டுல இருப்பேன்க்கா' என்பது பதில் ஆகாது. ஒருவர் அந்த நேரத்தில் மகளை ராஜபாளையத்து டியூஷனுக்குக் கூட்டிப்போய் வாசலில் காத்திருந்து கூட்டி வந்தார். இன்னொருவர் அண்ணாச்சி கடையில் மூட்டை பிரித்துப் போடச் சேர்ந்தார். வருமானம் டீக்குக்கூடக் காணாது. ஆனால் ஒன்பதரைக்குக் களைத்துப் படுத்தார். சனிக்கிழமை கூலியைக் கையில் வாங்கக்கூடாது, பேங்கில் போடச் சொல்லுங்கள் என்பேன். இந்த ஏற்பாட்டை அவர் கேட்டு, அவர் சொல்லிச் செய்ய வேண்டும். பெண்டாட்டி பிடுங்கினால் அது இன்னொரு சண்டை.

குருசாமி போன இடத்தில் யார்? இங்கேதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸை எனக்குப் பிடிக்கும். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடியில் அழிந்துகொண்டிருந்தவர்கள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்ததில் பிறந்த அமைப்பு அது. முன்பே குடியை விட்டவர் புதிதாக வருகிறவருக்குத் துணை. மலைக்குப் பல தடவை போனவர் கன்னிச்சாமியைக் கூட்டிப்போகிற முறையேதான். இன்றைக்கு மட்டும் குடிக்கமாட்டேன் என்று ஒரு நாளுக்குச் சுருக்குவதும் நல்ல தந்திரம். நாப்பத்தெட்டு நாள் மண்டலத்துக்கு முடிவுத் தேதி உண்டு, அதுவே அதன் பலம், அதுவே அதன் ஓட்டை. இன்றைய நாளுக்கு நாளைக்கு இன்னொரு நாள் இருக்கிறது.

ஊரே சேர்ந்து முட்டுக் கொடுக்க முடியும் என்பதற்கு மஞ்சக்குடி சாட்சி. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் 1980-இல் அவர் பெயரிலேயே ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அந்த நிலையத்தார் 1989 முதல், இன்றைக்குத் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் மஞ்சக்குடியில் 15 நாள் முகாம் நடத்தினார்கள். நோயாளியைச் சென்னைக்கு வரவழைக்காமல் சிகிச்சையைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். முகாமில் வீட்டாரும் பங்கெடுத்தார்கள். முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். பதினைந்து நாளில் யாரும் குணமாகிவிடுவதில்லை. ஆனால் தெருவே அவர் சிகிச்சைக்குப் போனதைப் பார்த்திருக்கிறது. மறைத்துக்கொள்ளும் வேலை மிச்சம். எங்கள் ஊரில் என் அறை வாசலில் யார் டிவிஎஸ் நிற்கிறது என்று பார்த்தே செய்தி பரவிவிடும். ஒருவகையில் அதுவும் நல்லதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் அறைக்குள் நடக்கும் பேச்சு வெளியே கேட்காது. பக்கத்துக் கட்டடம் முழுக்க நைட்டி தைக்கும் மெஷின்கள். தளவாய்புரம், செட்டியார்பட்டிப் பக்கம் அந்தச் சத்தம் இல்லாத தெரு குறைவு. கரண்டு போனால் மட்டும் நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

பேச்சினால் எவ்வளவு பலன்? கோவாவில் சங்காத் அமைப்பினர் செய்த ஆய்வு ஒன்று 2017-இல் லான்செட் இதழில் வந்தது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பழக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவு மீறிக் குடிக்கும் ஆண்களோடு அதிகம் போனால் நான்கு தடவை பேசவைத்தார்கள். மூன்று மாதம் கழித்து, பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து விலகியிருந்தார்கள். கிடைக்காதவர்களில் 26 சதவீதம். குடிக்கே அடிமையாகிவிட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. நூற்றுக்குப் பத்துப் பேர்தானே வித்தியாசம் என்று உதடு பிதுக்கலாம். எனக்கு அந்தப் பத்துப் பேரின் வீடுகள் தெரியும் என்பதால் அது பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையை எட்டிப் பார்க்கிறார்.

மற்ற 37 பேரின் வீட்டார் எங்கே போகிறார்கள்? பஸ் ஸ்டாண்டுச் சுவர் நோட்டீஸுக்கு. 'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்.' சாம்பாரில் கலந்து, காபியில் கலந்து. பொடிக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால் அது விளையாட்டுச் சாமான் இல்லை. 1940-களின் கடைசியில் கோபன்ஹேகனில் குடிநோய்க்கென்று அறிமுகமானது அது. ஆல்கஹாலை உடம்பு உடைக்கும் வேலையைப் பாதியில் நிறுத்தி, அசிட்டால்டிஹைடு என்ற நச்சைத் தேக்கிவைக்கும். மேலே ஒரு பெக் போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். தெரிந்தே சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில், வீட்டில் ஒருவர் பார்க்கத் தினமும் விழுங்குகிறவருக்கு அது அருமையான முட்டு. தெரியாமல் தின்றவருக்கு மாரடைப்புக்குச் சமமான அனுபவம். பிழைத்து எழுந்தபின் வீட்டுச் சோற்றின் மேலேயே நம்பிக்கை போய்விடும். அந்த நம்பிக்கையைத் திரும்ப ஒட்டுவது குடியை நிறுத்துவதைவிடக் கஷ்டம்.

குடிக்கு அடியில் வேறொன்று கிடக்கும் ஆட்கள் உண்டு. எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் அது பல நேரம் வெடிச்சத்தம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்குப் பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் இருந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளம். இவை பேப்பரில் பெரிதாக வந்தவை. ஒருவர், இருவர் என்று போவது மாவட்டப் பதிப்பின் உள்பக்கத்தோடு சரி. இப்படி ஒரு விபத்தில் ஆட்களைத் தூக்கி வண்டியில் ஏற்றிய ஒருவரை (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்) அவர் தங்கை கூட்டிவந்தாள். தூங்குவதற்காகக் குடிக்கிறார் என்றாள். தூக்கம் வரும்தான். ஆனால் சாராயம் ராத்திரியின் முன்பாதியைக் கொடுத்துவிட்டு, பின்பாதியை வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். மூன்று மணிக்குக் கெட்ட கனவோடு விழிப்பு, திரும்பவும் பாட்டில்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டால் சொல்லியிருப்பார், சொன்ன ராத்திரியில் எங்கே போய்க் கிடந்திருப்பார் என்றும் எனக்குத் தெரியும். மனக்காயம் ஆறுவதற்கு மூன்று படி உண்டு என்று ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-இல் எழுதினார். முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்தலும் அழுது தீர்த்தலும், பிறகு மனிதர்களோடு திரும்பச் சேர்தல். சினிமாவில் வரும் டாக்டர்கள் நேரே இரண்டாம் படியில் ஏறி உட்கார்ந்து, 'சொல்லுங்க, அன்னிக்கு ராத்திரி என்ன நடந்தது' என்பார்கள். எங்களுக்கு முதல் படியிலேயே மாதக்கணக்கில் வேலை இருந்தது. விழித்ததும் காலைச் சிமெண்டுத் தரையில் பதித்து, அறையில் இருக்கும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து வரும் சித்தப்பா மகனோடு ஒரு டீ.

அப்புறம் தீபாவளி. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் பயந்துவிடக்கூடாது என்று ஊரே வெடி போடுவதில்லை. பறவைக்கு ஒரு ஊர் செய்வதை மனுசனுக்கு ஒரு தெரு செய்யாதா என்று அவர் தெருப் பையன்களிடம் போய்க் கேட்டேன். ரொம்ப யோசித்து, அவர் வீட்டுச் சந்தில் மட்டும் மத்தாப்போடு நிறுத்திக்கொள்வதாகப் பேரம் பேசினார்கள். அணுகுண்டு வெடி அடுத்த தெருவில் போட்டால் அவருக்குக் கேட்காதா என்ன! ஆனாலும் தன்னைக் கேட்டு ஒரு சந்து அமைதியானது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அந்த வெடிப்பு பற்றி அவர் தானாகப் பேச ஆரம்பித்தது அதற்கும் வெகுநாள் பின்னால். நான் அதிகம் பேசவில்லை.

சறுக்கல் வரும். வராதவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். மாலையோடு குடித்துவிட்டவர் நிலைமை இதில் படுமோசம். சாமிக் குத்தம் பண்ணியாச்சு, இனி என்ன இருந்தென்ன என்று அடுத்த பத்து நாள் முங்கிவிடுவார். ஒரு கட்டிங் அவரைச் சாய்க்கவில்லை, அந்த 'இனி என்ன'தான் சாய்த்தது. ஆலன் மார்லட்டும் ஜூடித் கோர்டனும் 1985-இல் எழுதிய புத்தகத்தில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். குடித்துவிட்டு என் வாசலுக்கு வருகிறவரோடு அன்று நான் பேசமாட்டேன். தண்ணீர் கொடுத்து, யாரோடாவது வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் காலை நேரம் குறித்துக் கொடுப்பேன். மறுநாள் 'ஏன் குடிச்சீங்க' கிடையாது. எத்தனை மணிக்குத் தோன்றியது, அப்போது கூட யார், பையில் எவ்வளவு ரூபாய், எந்த முட்டு விலகியது? குடிக்காமல் இருந்த நாட்கள் கணக்கில் அழிவதில்லை என்பதில் எனக்கும் சில பழைய குழுக்காரர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அவர்கள் ஒன்றிலிருந்து திரும்ப எண்ணுவார்கள். நான் நூற்றுப்பத்து நாள் இருந்தவரை நூற்றுப்பத்து நாள் இருந்தவர் என்றே எழுதிவைப்பேன்.

இத்தனையும் ஆண்களைப் பற்றியே ஓடிவிட்டது. தொழிலிலும் அப்படித்தான் ஆகிவிடுகிறது. பீஸ் ரேட்டுக்கு நைட்டி தைத்து வீட்டை ஓட்டும் பெண், 'அவரைத் திருத்திக் கொடுங்க' என்பதற்கு மேல் தனக்கென்று எதுவும் கேட்கமாட்டாள். அவளுக்கும் காயம் உண்டு. வாசலில் வண்டி ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். டிவியை அணைத்துவிட்டுப் படுத்ததுபோல் நடிக்க ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அவர் குடியை நிறுத்தி ஒரு வருசம் ஆன பிறகும் அந்தச் சத்தம் கேட்டால் அவள் கை மெஷினில் நின்றுவிடுகிறது. 'அதான் திருந்திட்டாரே, இன்னும் என்ன மூஞ்சியத் தூக்கிட்டு' என்று மாமியார் சொல்வாள். அவரிடமும் மாமியாரிடமும் இதை விளக்குவது என் வேலையில் சேர்த்தி. அடி விழும் வீடென்றால் புருசன் பெண்டாட்டியைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசமாட்டேன். இங்கே அவள் சொன்னதற்கு வீட்டில் விலை கொடுக்க நேரும். 'அனுசரிச்சுப் போ' என்ற வார்த்தை என் அறையில் கிடையாது. 2005-ஆம் வருசத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, 181 என்ற எண் இருக்கிறது, அவள் எப்போது பயன்படுத்துவாள் என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவர் வரமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நீங்கள் வாருங்கள் என்பேன். தையலை விட்டுவிட்டு வர முடியாதவர்களுக்கு 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ். காசு கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள். குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை.